சேம் சைடு கோல் போட்ட பையன்

சேகர்,

அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற மகனுக்குத் தபால் எழுதுகிற தகப்பன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் போய்ப் பேசினால் என்ன என்று உன் அம்மா பார்வையாலேயே கேட்கிறாள். நேரில் பேசின லட்சணத்தைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை அவளே பார்த்தாளே. நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று சொன்னேன், அதற்குள் நீ எழுந்து செருப்பை மாட்டிவிட்டாய். நான் காய்ந்த கையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆசை ஆசையாக ஆக்கின கறிக்குழம்பு பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடும் பேசவில்லை. நீ செய்ததற்கும் சேர்த்து எனக்குத்தான் தண்டனை, ஏனென்றால் நான்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் எழுதுகிறேன். நடுவில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி.

நீ அன்றைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று மழுப்பக் கூடாது. "மூணு பயல்களையும் ஊருக்கு அனுப்பிருதேன்ப்பா. வெளியூர்லருந்து ரெடியா ஆடுதவன் மூணு பேர எறக்குதேன். நாளைக்கில்ல, அடுத்த திங்கக்கிழமை மீட்டிங்ல எழுதிக் குடுத்துருவேன்." ஏதோ பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டப்போகிற மாதிரி சொன்னாய். ராஜபாளையம் மில் புட்பால் டீமுக்குக் கோச்சாக நீயே எடுத்த அந்த மூன்று பேரில் இரண்டு பேர் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள். ஒருவனுக்கு மாமன் கடை இருக்கிறது, இன்னொருவன் ஐ.டி.ஐ. முடித்தவன். ஆலங்குளத்துப் பையன் முத்துராஜுக்கு என்ன இருக்கிறது? பந்து ஆடுகிறான் என்பதற்காகத்தான் மில்லில் அவனுக்குப் பதிலிக் கார்டு. நிரந்தரத் தொழிலாளி எவனாவது லீவு போட்டால் அந்த இடத்தில் அவனுக்கு வேலை, இல்லையென்றால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். அந்தக் கார்டும் டீமில் பெயர் இருக்கிற வரைக்கும்தான். திங்கள்கிழமை நீ பெயரை எடுத்தால் அன்றைக்கே கார்டும் போய்விடும். பிறகு அப்பனுக்குப் பின்னால் கல் உடைக்கக் கல்குழியில் இறங்க வேண்டியதுதான். பதினெட்டு வயதுப் பையனின் தலையெழுத்தைக் கறிக்குழம்பை விரலால் வழித்துக்கொண்டே சொல்லிவிட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வராமல் வேறென்ன வரும்?

நேற்று மதியம் அந்தப் பையன் இங்கே வந்தான். வாசலில் உன் அம்மா வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயும் வராமல், திரும்பிப் போகவும் செய்யாமல், மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பைக்குள் நீங்கள் கொடுத்த பூட்ஸ். துடைத்து, எண்ணெய் போட்டு, லேஸைக்கூடத் துவைத்துக் கோத்திருந்தான். "ஐயா, இத சாருட்ட குடுத்துருங்க" என்றான். "ஏலே, ராசபாளையத்துல எறங்கித்தானல இங்க பஸ் ஏறுன? அங்கயே குடுக்க வேண்டியதுதான?" என்று சத்தம் போட்டேன். எனக்கு யார் கிடைத்தாலும் சத்தம் போடுகிற மாதிரிதான் இருந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுல நிக்கிறவுக எல்லாரும், சேம்சைடு வாரான் பாருங்காகய்யா" என்றான்.

உன் அம்மா பையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, "மொதல்ல சோத்தத் தின்னு. பூட்ஸு எங்கயும் ஓடிப்போவாது" என்று உட்காரவைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். மெஸ்ஸில் என்ன போடுகிறீர்களோ தெரியவில்லை. கை கழுவிவிட்டு வந்ததும் கேட்டேன், "சேகர் திட்டினான்னா போற?" என்று. "திட்டுனது ஒண்ணுமில்லய்யா, எங்கய்யா திட்டாததா. ஒடனே வெளிய எடுத்துட்டாருல்லா, அதான். இன்னொரு பந்து வந்துருந்தா நல்லா அடிச்சிருப்பேன்" என்றான். நீ எந்த முகாமுக்குப் போய் எத்தனை நாள் விசில் ஊதப் படித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, இந்த ஒரு பேச்சுக்காக இவனை விடக்கூடாது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இறுதி ஆட்டத்தை நானும்தான் பார்த்தேன். உன் கண்ணில் படாமல் வேப்பமரத்தடியில் நின்றேன். ராஜபாளையமே அங்கேதான் கூடியிருந்தது. இதற்கு முன் ஒரு ஆட்டத்தில்கூட முழுசாக நிற்காத பையனை, கோலுக்கு முன்னால் பேக் ஆடுகிறவனுக்குக் காய்ச்சல் என்றதும் கொண்டுபோய் நிறுத்தினாய். ஏன் நிறுத்தினாய்? வேறு இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்களே, வயசு கூடியவர்கள், பதற்றப்படாதவர்கள். சின்ன முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், 'பாருங்க, நான் உண்டாக்கின பையன்' என்று காட்ட வேண்டும், அவ்வளவுதானே? கேட்டால் மழுப்புவாய், ஆனால் நான் உன்னைப் பெற்றவன். பையனும் பாவம், முதல் பாதி முழுக்க நன்றாகத்தான் நின்றான். பிறகு பின்னால் கீப்பருக்கு ஒரு பந்தைத் தட்டினான். கீப்பர் முன்னேறி வந்துவிட்டதை அவன் பார்க்கவில்லை. பந்து மெதுவாக உருண்டு உருண்டு நம்முடைய கோலுக்குள்ளேயே போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, தடுக்க ஆள் இல்லாமல் போனது. கூட்டம் சிரித்தது. சிரித்தால் என்ன, அவர்கள் வேர்க்கடலை தின்ன வந்தவர்கள். நீ சிரிக்கவில்லை, அதைவிட மோசமாக ஒன்று செய்தாய். கையைத் தூக்கி அவனை வெளியே கூப்பிட்டாய். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு அந்தப் பையன் தனியாக நடந்து வந்தான். வந்தவனை எல்லார் முன்னாலும் கத்தினாய்.

தப்புப் பண்ணினவனை அந்த நிமிஷம் வெளியே எடுக்காதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? நாக்குத் தழும்பேறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும். ஒரு பந்தையாவது ஒழுங்காகத் தொட வேண்டும், ஒருத்தனையாவது தடுக்க வேண்டும், அதற்கப்புறம் கூப்பிடு. அப்போதுதான் ராத்திரி படுக்கும்போது நினைத்துக்கொள்ள அந்தக் கோலைத் தவிர இன்னொன்று அவனுக்கு இருக்கும். நீ அதையும் பிடுங்கிக்கொண்டாய்.

இதெல்லாம் உனக்குத் தெரியாத சங்கதி இல்லை. நான் மில் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டே டீமைப் பார்த்த காலத்தில் நீ அரை டவுசரோடு மைதானத்தில் கிடந்தவன்தான். அப்போது ஒவ்வொரு புதுப் பையனுக்கும் 'ஜோடி' போடுவோம், ஞாபகம் இருக்கிறதா? பேக் ஆட வந்த பையன் என்றால் பேக் ஆடுகிற பெரியவன் ஒருவனோடு ஜோடி. ஷிப்ட் போடுகிற வேலை என் கையில் இருந்ததால் இரண்டு பேரையும் ஒரே ஷிப்டில், ஒரே டிப்பார்ட்மெண்டில் போட்டுவிடுவேன். வேலையும் சேர்ந்து, சாப்பாடும் சேர்ந்து, சாயங்காலம் பந்தும் சேர்ந்து. பெரியவன் எங்கே நிற்கிறான், எப்போது ஓடாமல் இருக்கிறான், கோல் விழுந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று பையன் கூடவே இருந்து பார்த்துக்கொள்வான். பெரியவனுக்கும் தெரியும், நாளைக்கு நம் இடத்தைப் பிடிக்கப்போகிறவனுக்குத்தான் நாம் சொல்லிக்கொடுக்கிறோம் என்று. மில் வேலை நிரந்தரம் என்பதால் வயிற்றுப் பயம் இல்லை, ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே. ஒருத்தர்கூட முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் அது பொய். நான்கு பேர் சுளித்தால் ஆறு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். நீ வந்து ஜோடியை ஒழித்தாய். பையன்களை எல்லாம் ஒரு அறையில் அடைத்து, மைதானத்தில் விசிலும் டப்பாவும் வைத்து வளைந்து வளைந்து ஓடவிடுகிறாய். ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் குறை சொல்லவில்லை. சேம் சைடு கோல் போட்ட அன்றைக்கு ராத்திரி அவன் யாரோடு சேர்ந்து சாப்பிட்டான் என்று கேள். அந்த அறையில் அவனும் இன்னும் இரண்டு பயந்த பயல்களும்தான்.

முதலாளி நெருக்குகிறார் என்கிறாய். எந்த முதலாளி நெருக்கவில்லை? பெரிய முதலாளி சாயங்காலமானால் மைதானத்துக்கு வந்து குடைக்கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் ஒரு பையனைக் காட்டி, "ஏமய்யா, இவனுக்கு இன்னும் எம்புட்டு வருசம் சோறு போடணும்? ஆடவே மாட்டேங்கானே" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "மலையடில மாங்கன்னு வச்சியளே முதலாளி, மறுநாளே கூடையத் தூக்கிட்டுப் போனியளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் செத்த நேரம் மலையைப் பார்த்தார். பிறகு, "சரி, கன்னுக்கு வேலியாச்சும் ஒழுங்கா போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சின்ன முதலாளியிடமும் சொல்லலாம். அவருக்கும் தோப்பு இருக்கிறது. நீ வாயைத் திறக்க வேண்டும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டக்கூடாது.

உடனே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 'அப்பா, எல்லாக் கன்னும் காய்க்குமா?' என்பாய். காய்க்காது. நான் என்ன மடையனா? வளர்த்த பையன்களில் பாதிப் பேருக்கு மேல் ஆட்டக்காரர்களாக வரவில்லை. சிலர் நல்ல பிட்டராக வந்தார்கள், ஒருத்தன் பஸ் கண்டக்டர் ஆனான், அவன் இன்றைக்கும் எனக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்துத் தருவான். பாலு என்று ஒரு பையன் இருந்தானே, பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வானே, அவனை நான் வெகுகாலம் விடாமல் பிடித்து வைத்திருந்தேன். கடைசியில் அவனே வந்து, "சார், எனக்கும் ஒங்களுக்கும் எதுக்கு இந்தப் பாடு? என்னைய விட்ருங்க, நான் தையல் படிக்கப் போறேன்" என்று கும்பிட்டான். எனக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. அனுப்புவதில் தப்பில்லை, சேகர். ஆள் இவ்வளவுதான் என்று பார்த்துத் தெரிந்துகொண்டு, அவனுக்கும் தெரியவைத்து, போகிற இடத்துக்கு ஒரு வழி பண்ணி அனுப்பு. முத்துராஜை நீ எங்கே பார்த்தாய்? ஒரு பாதி ஆட்டமும் ஒரு கோலும் பார்த்தாய். அவசரமாக நட்டவனும் நீதான், அவசரமாகப் பிடுங்குகிறவனும் நீதான். நடுவில் அவன் என்ன செய்வான்?

நான் பையன்களைத் தோற்கிற ஆட்டத்தில்தான் முதலில் இறக்குவேன். டீமில் எல்லாருக்கும் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மூன்று கோல் முன்னால் இருக்கும்போது சின்னப் பையனை இறக்குவதுதான் வழக்கம், பத்திரம் என்று நினைப்பார்கள். அதில் என்ன பத்திரம்? அவன் நுழைந்த பிறகு ஒரு கோல் வாங்கினாலும் 'இந்தப் பயல் வந்ததும் விழுந்திருச்சு' என்பார்கள். தோற்கிற ஆட்டத்தில் யாரும் அவனைத் திட்டப் போவதில்லை, திட்டு எல்லாம் ஏற்கெனவே பெரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எதிராளி முழு மூச்சாக ஆடிக்கொண்டிருப்பான். பையனுக்கு உண்மையான ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும், பாரமும் இருக்காது. மேனேஜர் ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "தோக்கதுக்குன்னே பிளான் போடுதீரா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வாய் வலித்துவிட்டது. உனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை என்று தெரிகிறது.

இனிமேல்தான் உன் கதை. ஞாயிற்றுக்கிழமை நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே, "ரெண்டு வருசம் என்னைய உக்கார வச்சிய. ஊர்ல எவனும், மகனுக்கு எடம் குடுத்தான்னு சொல்லிரக் கூடாதுன்னு ஒங்களுக்குப் பயம். அதுலதான் என் ஆட்டமே போச்சு. நான் என் பயல்கள அப்படி உக்கார வைக்க மாட்டேன்." இத்தனை வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டா என் வீட்டில் சாப்பிட்டாய்? கேட்டுக்கொள். ஊர் வாய்க்கு நான் என்றைக்கும் பயந்தவன் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு நீ டீமுக்கு வந்தபோது உனக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரியாது. ஒருத்தன் உன்னைத் தாண்டிவிட்டால் பந்தை விட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடிப்பாய். ரெப்ரீயை முறைப்பாய். என் மகன் என்பதால் உட்கார வைக்கவில்லை, ஆடத் தெரியாததால் உட்கார வைத்தேன். இதைச் சொன்னால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று அப்போது சொல்லவில்லை. உன் அம்மா அந்த இரண்டு வருஷமும் மீன் துண்டை எல்லாம் உன் தட்டில் போட்டு எனக்குக் குழம்பை மட்டும் ஊற்றினாள். அதையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

உனக்கு நான் போட்ட ஜோடி ஆரோக்கியசாமி. நம்ம டீமிலேயே நல்ல பேக், நல்ல மனுஷன். பஞ்சு சீவுகிற கார்டிங்கில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உன் பஞ்சையும் சேர்த்து அவனே அள்ளிப்போடுவான். பெருமாளுக்கு உகந்த புரட்டாசி சனிக்கிழமைகளில் ஆள் பாதி இங்கே பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போய்விடும், பதிலிப் பயல்களுக்கு இரண்டு ஷிப்ட் வேலை விழும். அந்த நாட்களில் உன் இரண்டாவது ஷிப்டை அவன் பார்த்துவிட்டு உன்னைப் பந்து தட்ட அனுப்பினான். அது எனக்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் நினைத்தீர்கள். டைம் ஆபீஸ்காரனுக்குத் தெரியாமல் மில்லில் எது நடக்கும்?

திண்டுக்கல் ஆட்டம். மெட்ராஸ் டீம் நம்மைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தது. மூன்று கோல் விழுந்துவிட்டது. ஆரோக்கியசாமிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். நான் உன்னைப் பார்த்து, "சட்டையப் போடு, எறங்கு" என்றேன். இரண்டு வருஷமாக நீ காத்துக்கொண்டிருந்த வார்த்தை. நீ எழுந்து என்ன சொன்னாய்? "மூணு கோல் வாங்குன பொறவு என்னைய எதுக்கு எறக்குதிய? நானும் சேந்து அசிங்கப்படவா?" என்று சட்டையை என் காலடியில் வீசினாய். மொத்த டீமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பன் என்பதும் போச்சு, டீமைப் பார்க்கிறவன் என்பதும் போச்சு. நீ விறுவிறுவென்று நடந்துபோய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே உன் பெயரை அடித்திருப்பேன். அடிக்கத்தான் நினைத்தேன். கார்டையும் வாங்கிக்கொண்டு எங்கேயாவது கடையில் சேர்த்துவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

ஆரோக்கியசாமி கீழே கிடந்த சட்டையை எடுத்து மண்ணைத் தட்டினான். "அண்ணாச்சி, நீங்க இப்ப அங்க போவாதிய. நான் போறேன்" என்றான். நொண்டிக்கொண்டே வேனுக்குப் போனான். ஆட்டம் முடிகிற வரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தீர்கள். நாலாவது கோலும் விழுந்தது, அதை நான் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை, வேன் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது கல்லுப்பட்டியில் டீக்கு நிறுத்தினோம். நீ இறங்கி வந்து ஒரு கிளாஸ் டீயை என் முன்னால் நீட்டினாய். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நானும் வாங்கிக் குடித்தேன். மறுநாள் சாயங்காலம் எல்லாருக்கும் முன்னால் நீ மைதானத்தில் இருந்தாய். சுவரில் இடது காலால் பந்தை அடித்துக்கொண்டிருந்தாய். அதற்கப்புறம் எந்தத் தோற்கிற ஆட்டத்தில் இறக்கினாலும் இறங்கினாய்.

அடுத்த சீசனில் ஒரு நாள் ஆரோக்கியசாமி டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தான். "நாளைக்கு ஆட்டத்துக்கு என் பேர எழுதாதிய அண்ணாச்சி. தம்பிய எழுதுங்க" என்றான். "ஏலே, உனக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆட்டம் இருக்கே" என்றேன். "இருக்கு. ஆனா அவனுக்கு இப்பத்தான் பசி இருக்கு" என்றான். இதை இதுவரைக்கும் உன்னிடம் சொல்லவில்லை. உன் திறமைக்கு நானாக வழிவிட்டேன் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருந்தாய். உனக்கு வழிவிட்டது அவன். அதற்கப்புறம்தான் நீ கேப்டன் ஆனாய், கோப்பை தூக்கினாய், இன்றைக்குக் கோச் ஆகி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய்.

போன வருஷம் அவன் செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண் போடும் நேரத்தில் நீ அழுத அழுகை எனக்குத் தெரியும். உன் தாத்தாவுக்குக்கூட நீ அப்படி அழவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றவன் நான் இருக்கிறேன், இவன் யாரோ ஒருத்தனுக்கு இப்படி அழுகிறானே என்று. பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தபோது, நான் பெயரை அடிக்க நினைத்த அன்றைக்கு அவன் சட்டையை எடுத்துக்கொண்டு போனானே, நீ அழாமல் என்ன செய்வாய் என்று தோன்றியது.

வெளியூர்ப் பையன்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நன்றாக ஆடுவார்கள், கோப்பைகூட வாங்கித் தருவார்கள். சீசன் முடிந்ததும் கூடக் கொடுக்கிற இடத்துக்குப் போவார்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒன்றை யோசித்தாயா? அவர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. எந்த ஊரிலோ எவனோ ஒருத்தன் கூடவே இருந்து, திட்டி, சோறு போட்டு, தோற்கிற ஆட்டத்தில் எல்லாம் இறக்கி வளர்த்த பையன்கள்தான். அவன் பொறுமையை நீ சம்பளம் கொடுத்து வாங்கிக்கொண்டு வருவாய், உன் கையில் இருக்கிற பையனைக் கல்குழிக்கு அனுப்புவாய். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் ஒருத்தனோடு முத்துராஜை ஜோடி போடு. அவனாவது ஏதாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

இந்தத் தபால் உனக்கு நாளைக்குக் கிடைத்துவிடும். மீட்டிங் திங்கள்கிழமை, நடுவில் சனியும் ஞாயிறும் இருக்கிறது. பூட்ஸ் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மில் ஸ்டோரில் கொண்டுபோய் நான் ஒப்படைக்க மாட்டேன், வேறு ஆளை அனுப்பினால் கொடுக்கவும் மாட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள். உன் அம்மா கறி எடுக்கட்டுமா என்று இப்போதுதான் வாயைத் திறந்து என்னைக் கேட்டாள், எடு என்று சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு நேரே ஆலங்குளத்துக்கு பஸ் ஏறு. அந்தப் பையன் வரமாட்டேன் என்பான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். ரொம்ப வீம்புக்காரப் பயல். அது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்துவிடாதே. பக்கத்தில் போய் உட்கார்.

அன்றைக்கு வேனுக்குள் ஆரோக்கியசாமி உன்னிடம் என்ன சொன்னான் என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது. நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை, அவனும் சொல்லாமலே போய்விட்டான். உலகத்தில் அது இப்போது உன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கு நீ சொல்ல வேண்டாம். முத்துராஜிடம் போய்ச் சொல்.

கோபம் இன்னும் தீராத,
அப்பா